கோரை படர்ந்த நிலம்

பகவத்கீதையின் பதின்மூன்றாம் அத்தியாயத்திற்கு 'க்ஷேத்திர க்ஷேத்ரக்ஞ விபாக யோகம்' என்று பெயர். க்ஷேத்திரம் என்றால் வயல். வயலை அறிபவன் க்ஷேத்ரக்ஞன். போர்க்களத்தில் ஓர் அரசகுமாரனிடம் பேசும்போது, இந்த உடலையும் மனத்தையும் குறிக்கப் பகவான் கோட்டை என்றோ தேர் என்றோ சொல்லாமல் 'வயல்' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தார். ஏன்? ஆதிசங்கரர் தம் பாஷ்யத்தில் இதற்குச் சில காரணங்களைக் காட்டுகிறார். அவற்றுள் ஒன்று, வயலில் விதைத்ததன் பலன் வயலிலேயே விளைவதுபோல, செய்த வினையின் பலன் இந்த உடலிலும் மனத்திலும்தான் விளைகிறது என்பதாகும்.

மும்பையில் மாட்டுங்காவில் இந்த அத்தியாயத்தைச் சொல்லும்போதெல்லாம் அடியேனுக்கு ஓர் எண்ணம் வருவதுண்டு. இன்று அடுக்குமாடிகளும், காப்பிக்கொட்டை வறுக்கும் மணமும், ஐந்து தோட்டத்து மரநிழலும் நிறைந்திருக்கும் இந்த இடம் ஒரு காலத்தில் வயலும் சதுப்பு நிலமுமாகத்தான் இருந்தது. 1896-ஆம் ஆண்டில் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கிய பிறகு, நெருக்கடி மிகுந்த நகரை விரிவுபடுத்த 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஏற்பட்டது. அதன் திட்டத்தினால்தான் தாதர், மாட்டுங்கா பகுதிகள் வீதிகளாயின. ஆகவே மாட்டுங்காவாசிகள் ஒவ்வொருவரும் ஒரு பழைய வயலின் மீதுதான் குடியிருக்கிறார்கள். வெளியே உள்ள வயல் மறைந்துவிட்டது. உள்ளே உள்ள வயலோ எந்த ஊருக்குக் குடிபெயர்ந்தாலும் கூடவே வருகிறது.

ஒரு பெரியவரின் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாசி மாதத்தில், மாட்டுங்காவில் கீதை வகுப்பு முடிந்து அனைவரும் கலைந்த பின் ஒரு பெரியவர் தயங்கியபடி அருகே வந்தார். பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தெட்டு. சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம்.

"சுவாமிஜி, வேதாந்தக் கேள்வி இல்லை. கேட்கலாமா?" என்றார்.

"கேளுங்கள்."

"ஊரில் அப்பா விட்டுப்போன அறுபது சென்ட் தோட்டம் இருக்கிறது. பன்னிரண்டு வருஷமாக யாரும் கால் வைக்கவில்லை. கோரையும் அறுகும் உண்ணிச்செடியும் மண்டிக் கிடக்கிறது. கடைசிக் காலத்தில் அங்கே நாலு வாழையும் காய்கறியும் வைத்துப் பார்க்க ஆசை. களைக்கொல்லி அடித்தால் ஒரே மாதத்தில் சுத்தமாகிவிடும் என்கிறார்கள். தாங்கள் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் என்று கேள்விப்பட்டேன். என்ன செய்யலாம்?"

அடியேன் திருப்பிக் கேட்டேன்: "பன்னிரண்டு வருஷம் ஏன் யாரும் கால் வைக்கவில்லை?"

அவர் முகம் மாறியது. சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு சொன்னார். பாகம் பிரித்தபோது வரப்பு எங்கே வரவேண்டும் என்பதில் தம்பியோடு தகராறு. நான்கு அடி நிலம். வார்த்தை தடித்தது. பெற்றோரின் திதியைக்கூட இருவரும் தனித்தனியே செய்கிறார்கள். தம்பி ஊரிலேயே இருக்கிறார். கிணறு தம்பியின் பாகத்தில் இருக்கிறது.

"தண்ணீருக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"போர் போட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்" என்றார்.

நிலம் வள்ளுவர் சொல்வது போலத்தான் ஆகியிருந்தது. உழவு என்னும் 104-ஆவது அதிகாரத்தில் அவர், உரியவன் நாள்தோறும் சென்று பாராமல் இருந்துவிட்டால் நிலம் மனைவியைப்போல ஊடிவிடும் என்று உணர்த்துகிறார். பன்னிரண்டு ஆண்டுகளாக ஊடிக்கிடந்த நிலம் அது. அந்த நிலத்தில் களை எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பாருங்கள். காற்றில் வந்த விதை ஓரளவு. மண்ணில் கிடந்த கிழங்கு ஓரளவு. ஆனால் அது முளைத்துப் படர இடம் கொடுத்தது எது? இரண்டு சகோதரர்களின் மனத்தில் முளைத்த களைதான் நிலத்தில் பரவியது.

கோரையின் குணம்

களையை நீக்க விரும்புகிறவன் முதலில் அதன் குணத்தை அறியவேண்டும். கோரையை எடுத்துக்கொள்வோம். உலகிலேயே மிகப் பொல்லாத களைகளுள் ஒன்று என்று வேளாண்மை அறிஞர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள். மேலே பார்த்தால் மெல்லிய புல். கையால் இழுத்தால் எளிதாக வந்துவிடும். இழுத்தவனுக்கு வேலை முடிந்தது என்ற திருப்தி உண்டாகும். ஆனால் கையோடு வந்தது தழை மட்டுமே. மண்ணுக்குள் கிழங்கு அப்படியே இருக்கிறது. ஒரு கிழங்கிலிருந்து மெல்லிய வேர்க்கொடி ஓடி இன்னொரு கிழங்கு, அதிலிருந்து மற்றொன்று என்று மாலைபோலக் கோத்துக்கொண்டு போகும். சில நாட்களில் மீண்டும் தழைத்துவிடும்.

நம் கோபமும் அப்படித்தான். "நான் இப்போது யாரிடமும் கோபப்படுவதில்லை" என்று சொல்கிறோம். தழையைக் கிள்ளிவிட்டோம் என்பதுதான் அதன் பொருள். தம்பியின் பெயரை யாராவது எடுத்தவுடன் குரல் மாறுகிறதே, அது கிழங்கின் வேலை. சாஸ்திரம் இந்தக் கிழங்கைத்தான் வாசனை என்கிறது. ஒரு வாசனை தனியாக இருப்பதில்லை. மனத்தாங்கலின் கொடியைப் பிடித்துக்கொண்டே போனால் அகங்காரம் வரும். அகங்காரத்தைத் தொடர்ந்தால் பயம் வரும். பயத்தின் அடியில் 'என்னுடையது' என்ற மமகாரம் இருக்கும். எல்லாம் ஒரே கோவை.

அப்படியானால் தோண்டி எடுத்துவிடலாமா? இங்கேதான் உழவன் நமக்கு ஒரு நுட்பத்தைக் கற்பிக்கிறான். ஈரமான மண்ணில் கோரையை உழுதால் கொடி அறுந்து கிழங்குகள் தனித்தனியாகப் பிரியும். பிரிந்த ஒவ்வொன்றும் தனித்தனியே முளைவிடும். ஒன்று பத்தாகும். அதே நிலத்தைச் சித்திரை வெயிலில், மண் காய்ந்திருக்கும்போது உழுது புரட்டினால் மேலே வந்த கிழங்குகள் வெயிலில் வதங்கிச் சாகும். கோடை உழவின் இரகசியம் இதுதான். உழுத மண்ணை நன்றாக உணங்கவிட வேண்டும் என்பதை வள்ளுவரும் அதே அதிகாரத்தில் வற்புறுத்துகிறார்.

பழைய மனக்காயத்தைத் தோண்டுவதிலும் இந்த இரண்டு வகை உண்டு. "அவன் அன்று அப்படிச் சொன்னானே" என்று நாள்தோறும் நினைத்து நினைத்து உருகுவது ஈரத்தில் உழுவது. ஒரு சொல்லை நினைக்கப்போய்ப் பத்துச் சொற்கள் ஞாபகத்துக்கு வரும். ஒவ்வொன்றும் முளைக்கும். அதே நிகழ்ச்சியை விவேகமாகிய வெயிலில் புரட்டிப் போட்டு, "என் பங்குக்கு நான் என்ன சொன்னேன்? அந்த நான்கு அடி நிலம் இல்லாததால் இந்தப் பன்னிரண்டு ஆண்டில் எனக்கு என்ன குறைந்தது? தம்பி இல்லாததால் என்ன குறைந்தது?" என்று கேட்பது கோடை உழவு. தோண்டுவது ஒன்றே. ஈரமா, வெயிலா என்பதில்தான் விளைவு மாறுகிறது.

முதல் தண்ணீரில் முளைப்பவை

நன்றாக உழுது, கட்டி உடைத்து, பாத்தி கட்டி முடித்த நிலத்தில் அனுபவசாலிகள் உடனே விதைப்பதில்லை. முதலில் தண்ணீர் மட்டும் பாய்ச்சுவார்கள். சில நாட்களில் நிலம் பச்சைப்பசேல் என்று ஆகிவிடும். அத்தனையும் களை. பல காலமாக மண்ணுக்குள் உறங்கிக் கிடந்த விதைகள், உழவினால் மேலே வந்து ஒளியும் ஈரமும் பட்டவுடன் எழுந்துகொள்கின்றன. புதிதாக விவசாயத்துக்கு வந்தவன் இதைக் கண்டு மனம் உடைந்து போவான். "இவ்வளவு உழைத்தும் முன்னைவிட அதிகமாகிவிட்டதே!" என்பான். அனுபவசாலியோ மகிழ்ச்சி அடைவான். ஒளிந்திருந்த எதிரி வெளியே வந்துவிட்டான் அல்லவா? இளம் முளையாக இருக்கும்போதே மேலாகக் கொத்தி அதை அழித்துவிடுவான். இன்னொரு முறை தண்ணீர் விட்டு, மீண்டும் முளைப்பதையும் அவ்வாறே நீக்குவான். அதன் பிறகே விதைப்பான். இப்போது கொத்தும்போது ஆழமாகக் கிளறமாட்டான். கிளறினால் அடியில் உள்ள இன்னொரு வரிசை விதைகள் மேலே வந்துவிடும்.

ஜபமும் தியானமும் தொடங்கிய பல அன்பர்கள் அடியேனிடம் சொல்லும் குறை இதுதான்: "சுவாமிஜி, தியானத்தில் உட்கார்ந்தால் முன்பு இல்லாத எண்ணமெல்லாம் வருகிறது. எனக்குத் தகுதி இல்லை போலிருக்கிறது." அன்பர்களே, அது முதல் தண்ணீர். எண்ணங்கள் புதிதாக வரவில்லை. இருந்தவை முளைக்கின்றன. அவற்றை இளமையிலேயே கண்டு, கிளறாமல், ஆராய்ச்சி செய்யாமல், மேலாக நீக்கிவிட்டு மந்திரத்துக்குத் திரும்புங்கள். மீண்டும் வரும். மீண்டும் திரும்புங்கள். கோரைக்குச் செய்யவேண்டியதும் இதுவே. தழை ஒவ்வொரு முறை எழும்போதும் கிழங்கு தன்னிடம் சேமித்து வைத்த சத்தைச் செலவழித்துத்தான் எழுகிறது. அந்தத் தழை வெயிலில் நின்று புதிய சத்தைச் சேர்த்துக் கிழங்குக்கு அனுப்பும் முன்பே அறுத்துவிட்டால், கிழங்கு சிறிது சிறிதாகப் பட்டினி கிடந்து ஓய்ந்து போகும். ஒரே நாளில் பத்து மணி நேரம் கொத்துவதால் இது நடக்காது. பத்துப் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை தவறாமல் சென்று கொத்தினால் நடக்கும். மனத்தை வசப்படுத்த அர்ஜுனனுக்குப் பகவான் சொன்ன அப்யாசம், வைராக்கியம் என்ற இரண்டில் அப்யாசத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

நாற்றங்கால் மட்டும்

"சம்சாரத்தில் இருந்துகொண்டு இவ்வளவும் முடியுமா?" என்று கேட்பீர்கள். மும்பையைச் சுற்றியுள்ள கொங்கணப் பகுதி விவசாயிகளே இதற்கு விடை வைத்திருக்கிறார்கள். நெல் பயிரிடும் கொங்கணத்துக் குடியானவர்களிடம் 'ராப்' என்ற ஒரு பழைய வழக்கம் உண்டு. மழைக்காலம் வருவதற்கு முன், நாற்று விடப்போகும் இடத்தில் சாணம், சுள்ளி, காய்ந்த தழை ஆகியவற்றை அடுக்கடுக்காகப் பரப்பி, மேலே சிறிது மண் தூவி எரிப்பார்கள். அந்தச் சூட்டில் மண்ணின் மேற்பரப்பிலுள்ள களைவிதைகள் கருகிவிடும். சாம்பல் நாற்றுக்கு உரமாகும்.

கவனியுங்கள். அவர்கள் வயல் முழுவதையும் எரிப்பதில்லை. எரிக்கவும் முடியாது, அவ்வளவு தழையும் கிடைக்காது. நாற்றங்கால் என்ற ஒரு சிறு பகுதியை மட்டும் அப்படித் தூய்மை செய்கிறார்கள். அங்கே களையின் தொல்லையின்றி நாற்று வலுவாக வளர்கிறது. வளர்ந்த நாற்றைப் பறித்து வயலெங்கும் நடுகிறார்கள். வயலில் களை முளைத்தாலும், தலை நிமிர்ந்து நிற்கும் நாற்றோடு அதனால் எளிதில் போட்டியிட முடிவதில்லை.

இல்லறத்தாருக்கு நாள் முழுவதும் வயல். விடியற்காலை அரைமணி நேரம் நாற்றங்கால். அந்த அரைமணி நேரத்தில் செய்தித்தாளும் கைப்பேசியும் வீட்டுக் கணக்கும் நுழையாதபடி தபஸாகிய நெருப்பால் காத்துக்கொள்ளுங்கள். அங்கே வளர்ந்த பொறுமையைப் பறித்துச் சென்று மின்சார ரயில் நெரிசலில் நடுங்கள். அங்கே வளர்ந்த அன்பைக் கொண்டுபோய்ச் சமையலறையில் நடுங்கள்.

வெறும் நிலம் வெறுமையாக இராது

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். களை எடுப்பதையே பயிர்த்தொழில் என்று எண்ணுபவர்கள் இருக்கிறார்கள். பெரியவர் கேட்ட களைக்கொல்லியை எண்ணிப் பாருங்கள். தழை கருகும். நிலம் சுத்தமாகத் தெரியும். பிறகு? வெறும் நிலத்தை இயற்கை ஒருபோதும் வெறுமையாக விட்டுவைப்பதில்லை. மண்ணுக்கு ஒரு போர்வை வேண்டும். நாம் நல்ல போர்வை போர்த்தாவிட்டால் அதுவே கிடைத்ததை எடுத்துப் போர்த்திக்கொள்ளும். களை என்பது அதுதான். முன்பு கோரை இருந்த இடத்தில் பார்த்தீனியம் வந்து உட்கார்ந்துகொள்ளும். வெளிநாட்டிலிருந்து வந்த அந்தச் செடி நம் நாட்டில் 1950-களில் புணேயில்தான் முதலில் கவனத்துக்கு வந்தது. இன்று அது தீண்டாத மாநிலம் இல்லை. ஒரு செடியே ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்க்கும். வெற்றிடம் கண்டால் முதலில் வருவது அதுதான்.

விட்டுவிடுவேன் என்று சபதம் செய்பவர்கள் பலர். ஒரு தீய பழக்கத்தை விட்டு, அந்த நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் வேறொரு தீய பழக்கத்துக்குப் போனவர்களை நாம் பார்த்ததில்லையா? பேசுவதை நிறுத்தினால் பகை ஓய்ந்துவிடும் என்று எண்ணி, மௌனத்திலேயே பகையை வளர்த்தவர்களைப் பார்த்ததில்லையா? விடுதல் பாதி வேலை. அந்த இடத்தில் எதை வைத்தோம் என்பது மறுபாதி.

உழவன் என்ன செய்கிறான்? சணப்பை, தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் பயிர்களை நெருக்கமாக விதைக்கிறான். கோரைக்கு நிழல் ஆகாது. தழைத்து நிற்கும் சணப்பையின் கீழே அது வெளிறி மெலிந்துபோகும். ஏறக்குறைய நாற்பத்தைந்து நாட்களில் சணப்பை பூக்கத் தொடங்கும். அந்த மஞ்சள் பூவைக் கண்டு மகிழ்ந்துகொண்டே உழவன் அதை அறுவடை செய்யாமல் அப்படியே மண்ணில் மடக்கி உழுதுவிடுகிறான். இயற்கை வேளாண்மைக்காகத் தம் வாழ்நாளையே அர்ப்பணித்து 2013-இல் மறைந்த நம்மாழ்வார், தானியம், பயறு, எண்ணெய் வித்து, மணப்பயிர், தழைப்பயிர் எனப் பலவற்றையும் கலந்து விதைத்து மடக்கி உழும் பலதானிய விதைப்பைத் தமிழகக் கிராமங்கள்தோறும் எடுத்துரைத்தார்.

உண்பதற்கு அன்று, விற்பதற்கும் அன்று, மண்ணுக்கே திருப்பிக் கொடுப்பதற்காக ஒரு பயிர்! இதுவே நிஷ்காம்ய கர்மம். பலனை எதிர்பாராமல் செய்யும் சேவை வெளியே எவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்ததோ நமக்குத் தெரியாது. ஆனால் அது செய்பவனின் மனத்தில் மக்கி, அந்தக்கரண சுத்தி என்ற வளத்தைக் கொடுக்கிறது. பிறகு விதைக்கப்படும் ஞானவிதை அந்த வளத்தில்தான் வேர்விடும். இந்தப் படியைத் தாண்டிச் செல்ல எண்ணுபவர்கள் கெட்டித்தரையில் விதை தூவுகிறார்கள்.

குரு மன்னன் உழுத நிலம்

கீதை உபதேசிக்கப்பட்ட குருக்ஷேத்திரத்துக்கு அப்பெயர் எப்படி வந்தது? குரு என்ற மன்னன் தானே உழுத வயல் அது. வாமன புராணம் அந்தக் கதையைச் சொல்கிறது. மன்னன் பொன்னால் கலப்பை செய்து, சிவபெருமானின் காளையையும் யமதர்மனின் எருமையையும் பூட்டி உழுதான். இந்திரன் வந்து என்ன பயிரிடப்போகிறாய் என்று கேட்டான். தவம், சத்தியம், பொறுமை, கருணை, தூய்மை, தானம், யோகம், பிரம்மசரியம் என்ற எட்டையும் பயிரிடப்போவதாக மன்னன் சொன்னான். இந்திரன் நகைத்துவிட்டுப் போனான். பிறகு திருமால் வந்து, விதை எங்கே என்று கேட்டார். விதை என் உடலிலேயே இருக்கிறது என்று சொல்லி மன்னன் தன் கையை நீட்டினான்.

மங்கலமான காளையோடு மரணத்தின் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டி உழுதான் என்பதை ஊன்றி நோக்குங்கள். நாம் நிலையாக இருக்கப்போவதில்லை என்ற நினைவும் ஏரை இழுக்கவேண்டும். அறுபத்தெட்டு வயதில் அந்தப் பெரியவருக்கு ஊர் நினைவு வந்தது அந்த எருமையின் இழுப்பினால்தான். விதையோ கடையில் வாங்கியதன்று. தன்னையே கொடுத்தால்தான் விதைப்பு. பதின்மூன்றாம் அத்தியாயத்தில் பகவானும் வயலைப் பற்றிச் சொன்னவுடன், அதில் வளரவேண்டிய இருபது பண்புகளை வரிசையாகச் சொல்கிறார். அந்த வரிசையில் முதலாவதாக நிற்பது எது? அமானித்வம். தன்னைப் பெரிதாக எண்ணாமை. முதல் விதை அது.

உழவாரம் ஏந்திய கை

தமிழ்நாட்டில் களையெடுப்பதையே வழிபாடாகக் கொண்ட ஒரு மகான் இருந்தார். திருநாவுக்கரசர். ஏழாம் நூற்றாண்டில், முதிர்ந்த வயதிலும் கையில் உழவாரத்தோடு கோயில் கோயிலாகச் சென்று திருவீதியிலும் பிராகாரத்திலும் முளைத்த புல்லைச் செதுக்கினார். திருவுருவங்களில் இன்றும் அவர் உழவாரத்தோடுதான் நிற்கிறார். திருப்புகலூரில் அவர் அவ்வாறு புல் செதுக்கிக்கொண்டிருந்தபோது உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் மணியும் தோன்றின என்கிறது பெரியபுராணம். அவர் அவற்றைப் புல்லோடும் கல்லோடும் ஒன்றாகவே கருதி எடுத்துக் குளத்தில் எறிந்தார்.

மனத்தைத் தோண்டினால் களை மட்டும் வருவதில்லை. சில சமயம் பொன்னும் வரும். "நான் எவ்வளவு பக்குவப்பட்டுவிட்டேன்! நானாக இறங்கிவந்து தம்பியிடம் பேசினேன்!" என்ற பெருமிதம் அந்தப் பொன். அதையும் எடுத்து எறியத் தெரிந்தவர்தான் அப்பர் பெருமானின் வழியில் நடப்பவர்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வயலில் உழவனை வருத்தும் அறுகம்புல் மாட்டுங்காப் பூக்கடைகளில் கட்டுக்கட்டாக விற்பதை நீங்கள் அறிவீர்கள். அதே புல் விநாயகப் பெருமானின் திருவடியில் அர்ச்சனைப் பொருள். கோரைக்கிழங்கு சித்த மருத்துவத்தில் மருந்து, குளியல் பொடியில் நறுமணம். இறைவன் படைப்பில் களை என்று ஒரு சாதி இல்லை. இடம் தவறி வளர்ந்தது களை. ஆசையும் கோபமும் அப்படியே. ஆசையை இறைவன்மீது வைத்தால் பக்தி. கோபத்தை நம் சோம்பலின்மீது வைத்தால் வைராக்கியம். ஆகையால் களையெடுக்கும்போது உங்களையே நீங்கள் வெறுக்கவேண்டாம். தம்பியையும் வெறுக்கவேண்டாம்.

கிணற்றுத் தண்ணீர்

அந்தப் பெரியவரிடம் அன்று இவ்வளவும் சொல்லவில்லை. "சித்திரையில் ஊருக்குப் போங்கள். களைக்கொல்லி வேண்டாம். கோடை உழவு செய்யுங்கள். பிறகு தண்ணீர் விட்டு, முளைப்பதைக் கொத்துங்கள். ஆனால் போர் போடவேண்டாம். அப்பா வெட்டிய கிணற்றிலிருந்து தண்ணீர் கேளுங்கள்" என்று மட்டும் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் வணங்கிவிட்டுப் போனார். அதன் பிறகு வகுப்புக்கு வரவில்லை. கடுமையாகச் சொல்லிவிட்டோமோ என்று அடியேன் எண்ணியதுண்டு.

அடுத்த தை மாதத்தில் மீண்டும் வந்தார். நடந்ததைச் சொன்னார். டிராக்டர் வைத்து உழுதாயிற்று. வெயிலில் மண் காய்ந்தாயிற்று. அடுத்துத் தண்ணீர் விடவேண்டும். மூன்று நாட்கள் வரப்பருகே போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாராம். நான்காம் நாள் தம்பி வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து தம்பி வந்து எதிரே நின்றார். என்ன பேசவேண்டும் என்று தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"தோட்டத்துக்குத் தண்ணி வேணும்டா" என்று மட்டும் சொன்னார்.

தம்பி ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். இவர் எழுந்து வந்துவிட்டார். மறுநாள் விடியற்காலையில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. தம்பி மண்வெட்டியோடு மடையில் நிற்கிறார்.

"அண்ணா, செருப்பைக் கழற்றிட்டு வா, வழுக்கும்" என்றாராம்.

இதைச் சொல்லும்போது பெரியவருக்குக் குரல் தழுதழுத்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் தம்பி பேசிய முதல் வார்த்தை அது. அந்தத் தண்ணீரில் முளைத்த களையை இருவரும் சேர்ந்து கொத்தினார்கள். சணப்பை விதைத்தார்கள். மடக்கி உழுதார்கள். வாழைக்கன்றும் கத்தரியும் தட்டைப்பயறும் வைத்திருக்கிறார்கள்.

"இப்போது கோரை முழுவதும் போய்விட்டதா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "எங்கே சுவாமிஜி! இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. முன்னைப்போல அடர்த்தி இல்லை. தம்பி பதினைந்து நாளைக்கு ஒருமுறை கொத்திவிட்டு எனக்குப் போன் செய்து சொல்கிறான். சில சமயம் பழைய பேச்சும் வந்துவிடுகிறது. உடனே நிறுத்திக்கொள்கிறோம்."

அன்பர்களே, சாதனையின் நிலை இதுதான். கோரை இன்னும் வருகிறது. ஆனால் இப்போது அது முளைக்கும் இடத்தில் ஒரு பயிர் நிற்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார். அவ்வாறு பார்த்துக்கொண்டே இருப்பவன், தான் வயல் அல்லன், வயலை அறிபவன் என்று ஒருநாள் உணர்கிறான். களையும் பயிரும் க்ஷேத்திரத்தில்தான் உள்ளன. அறிபவனில் களையும் இல்லை, குறையும் இல்லை. அந்த க்ஷேத்ரக்ஞனை அறிவதற்காகத்தான் இவ்வளவு உழவும்.

வகுப்பு முடிந்து இன்று வீடு திரும்பியதும் ஒவ்வொருவரும் ஒரு காரியம் செய்வோமாக. நாம் பேசாமல் விட்ட ஒருவர், நாம் கால் வைக்காமல் விட்ட ஒரு வரப்பு, நம் எல்லோருக்கும் இருக்கத்தான் செய்யும். அந்த இடத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். நீண்ட விளக்கங்கள் தயார் செய்யவேண்டாம். அவரிடம் கேட்டுப் பெறவேண்டிய ஒரு குடம் தண்ணீர் எது என்று மட்டும் பாருங்கள். நாளை விடியற்காலை நாற்றங்காலில் அமரும்போது, அதைக் கேட்கும் துணிவைத் தருமாறு இறைவனிடம் வேண்டிக்கொள்ளுங்கள்.

வயலும் அவனுடையது. விதையும் அவனுடையது. மழையும் அவனுடையது. குனிந்து கொத்துவது ஒன்றே நம்முடையது. அந்தக் குனிவை நமக்கு அவன் அருள்வானாக.

ஹரி ஓம்.